வெள்ளிக்கிழமைக் கிணற்றுக்கு விடுமுறை வீட்டு வரி

அனுப்புநர்:
ம. யேசுரட்ணம்,
புருசெத், ஒஸ்லோ, நோர்வே.

பெறுநர்:
மீளாய்வு அலுவலர்,
வீட்டுக் கொள்வனவு வரிப் பிரிவு,
இலண்டன்.

விடயம்: யாழ்ப்பாணம் இளவாலையிலுள்ள கிணற்றுப் பங்கை வெளிநாட்டு விடுமுறை வீடாகக் கணித்து விதித்த மேலதிக வரியை நீக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

எந்த மொழியிலும் பதில் எழுதலாம் என்று தங்கள் கடிதத்தின் அடியில் அச்சிட்டிருந்தது. அதை நம்பித் தமிழில் எழுதுகிறேன்.

1. நானும் மனைவி புளோறன்சும் முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஒஸ்லோவில் வாழ்கிறோம். எங்கள் மகள் நிலூஜா சென்ற ஆண்டு கணவனை இழந்து, இரண்டு சிறு பிள்ளைகளுடன் இலண்டனில் தனித்திருக்கிறாள். அவளுக்குத் துணையாக இருக்கவே இங்குள்ள தொடர்மாடி வீட்டை விற்று, அவளுடைய தெருவில் ஒரு சிறு வீட்டுக்கு ஒப்பந்தம் செய்தோம். வேறு வீடு எங்களுக்கு எங்குமே கிடையாது.

2. உலகில் எங்காவது உடைமை உண்டா என்று படிவம் கேட்டது. பொய் எழுதிப் பழக்கமில்லாதபடியால், என் தந்தையார் எழுதிவைத்த உறுதிப் பத்திரத்தில் உள்ளதை அப்படியே எழுதினேன்: "தோட்டக் கிணற்றில் ஆறில் ஒரு பங்கு, வெள்ளிக்கிழமை முறை." எங்கள் ஊரில் ஒரு கிணறு பல குடும்பங்களுக்குப் பங்கு. யார் எந்தக் கிழமையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது என்பதே முறை. தோட்டத்தை விற்றுத்தான் என்னை நோர்வேக்கு அனுப்பினார்கள். கிணற்றுப் பங்கு மட்டும் மிஞ்சியது.

3. இதைத் தங்கள் அலுவலகம் விளங்கிக்கொண்ட விதம் மெச்சத்தக்கது. ஆறு குடும்பங்கள் கிழமைக்கு ஒரு நாளாக மாறிமாறித் தங்கும், நீர்வசதியுடன் கூடிய விடுமுறை வீடு என்று தீர்மானித்து, இலண்டனில் வாங்கும் வீட்டை எங்கள் இரண்டாவது வீடாகக் கணித்திருக்கிறீர்கள். படுக்கையறைகள் எத்தனை, ஞாயிற்றுக்கிழமை யார் தங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிணறு ஊறும். நாங்கள் பூசைக்குப் போவோம். படுக்கையறை இல்லை. ஆழம் முப்பது அடி. தங்க விரும்புபவருக்கு நீச்சல் தெரிந்திருப்பது நல்லது.

4. விடுமுறை வீடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நோர்வேஜியரின் மலை வீடுகளைச் சனிக்கிழமைகளில் துப்புரவாக்கித்தான் நிலூஜாவைப் படிக்கவைத்தேன். அவற்றுள் ஒன்றுக்குள்ளேனும் இறங்க எனக்குக் கயிறு தேவைப்படவில்லை.

5. பங்கை வேறொருவருக்கு எழுதிக்கொடுத்தால் மேலதிக வரி நீங்கும் என்று தங்கள் இரண்டாம் கடிதம் வழிகாட்டுகிறது. நன்றி. அந்தப் பங்கு என் பெயரிலும் என் தமையன் அல்பேர்ட் பெயரிலும் சேர்த்து எழுதப்பட்டது. இருவரும் ஒப்பமிட வேண்டும் என்கிறார் உறுதி எழுதும் ஊர் நொத்தாரிசு. 1990ஆம் ஆண்டு எங்கள் முறையன்று, இறைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வாங்கவென்று சைக்கிளில் போன அண்ணர் இன்னும் திரும்பவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்க அம்மா சாகும்வரை சம்மதிக்கவில்லை. எனக்கும் மனம் வரவில்லை.

6. இந்த வரியைக் கட்டினால் வீடு வாங்கக் காசு போதாது. ஜூன் முப்பதுடன் ஒப்பந்தம் முறிந்துவிடும். என் பிள்ளை தனித்தே இருப்பாள்.

ஆகவே, கிணற்றைக் கிணறாகவே ஏற்று மேலதிக வரியை நீக்குமாறு தயவுடன் வேண்டுகிறேன். அது இயலாதாயின், அண்ணரின் ஒப்பத்தைத் தாங்களே பெற்றுத் தரவும். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவரைத் தேடி எத்தனையோ அலுவலகங்களுக்கு எழுதிவிட்டோம். எங்கள் வெள்ளிக்கிழமையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரித்தவர் தாங்கள் ஒருவர்தான்.

இடம்: ஒஸ்லோ
திகதி: 12.05.2025

இப்படிக்கு,
ஆறில் ஒரு பங்கில் பாதிக்கு உரித்தாளன்,
ம. யேசுரட்ணம்
(ஒப்பம்)