மருமகளுக்குப் போட்ட வளையல்

மலிகா, உனக்கும் உன் மகன் யூசுபுக்கும் சலாம்.

என் மகளின் நாற்பதாம் நாளுக்கு நீ பரங்கிப்பேட்டையிலிருந்து வந்துபோன பிறகு நான் எழுதவே இல்லை. இன்று குழந்தையின் அழுகை எழுத வைக்கிறது.

கடலூரில் எஸ்.எஸ்.எல்.சி. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, யார் யார் என்ன ஆவோம் என்று பள்ளி வாசலில் நின்று பேசினோமே, நினைவிருக்கிறதா? சௌந்தரம் நர்ஸ் என்றாள். நான் சிதம்பரத்தில் காலேஜ் என்றேன். நீ மட்டும், "படிச்சிட்டு வாடி. உம் பொண்ண எம் புள்ளைக்குக் கட்டி, நாம சம்பந்தி ஆயிடலாம்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது, "வாடி எம் மருமவளே" என்று இவள் கையில் நீ வளையல் போட்டபோதுதான் புரிந்தது. என் மாமியின் முகத்தை நீ பார்க்கவில்லை.

காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டது. புட்டிப்பால் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை; நாளுக்கு நாள் இளைக்கிறாள். யூசுப் குடித்தது போக உனக்குப் பால் மிஞ்சுகிறது என்று நீதான் சொன்னாய். நாளை கார் வரும். ஒரு வாரம் இங்கே இரு.

நம் மார்க்கப்படி, ஐந்து நேரம் உன்னிடம் வயிறாரக் குடித்தால் இவள் உனக்குப் பால்குடி மகள், யூசுபுக்குத் தங்கை. அப்புறம் அவர்களுக்குள் நிக்காஹ் ஆகாது. அதைச் சொன்ன பிறகுதான் மாமி சம்மதித்தார். பினாங்கில் இருக்கும் என் வீட்டுக்காரர், வாடகை சைக்கிள் விடுகிற உங்கள் வீட்டில் பெண் கொடுப்பாரா, நீயே சொல்.

நீ வருவாய். வகுப்பில் யார் அழுதாலும் நீதானே முதலில் எழுந்து ஓடுவாய்.

வளையலைக் கழற்றி வைத்திருக்கிறேன். மறக்காமல் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
இவளைப் பெற்றவள்