மாடிப்படி ஏறினாரா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் கை போகிறது, அப்பா சொல்லச் சொல்ல எழுதிப் பழகிவிட்டது, ஆனால் இந்தக் கடிதத்தை அவர் சொல்லவில்லை. அம்மா தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா, அப்பா இறந்துவிட்டார். இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. உனக்குக் கடைசியாக வந்த கடிதமும் அவர் சொன்னதில்லை, அம்மா சொல்லி நான் எழுதியது. நீ நம்ப வேண்டுமே என்று, நெஞ்சில் ஜிப் வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்ற அவருடைய ஜோக்கையும் நானே சேர்த்தேன். மன்னித்துவிடு.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஹாலிலிருந்து சமையலறை வரை தினமும் காலையில் இருபது நடை நடக்கச் சொல்லியிருந்தார்கள், எண்ணுவது என் வேலை. அவர் போன அன்றைக்குப் பதினான்கில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா அவர், மாடி எண்ணத் தெரியாத உன்னை லிஃப்ட் வேலைக்கு வைத்தால் ஜனங்கள் வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று கிண்டல் செய்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, இருமல் வருது, தலையணையைக் கொண்டா என்றார். இருமும்போது தையலுக்கு வலிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் தலையணை. எடுத்து வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. ரத்தம் கட்டி நுரையீரலில் அடைத்துக்கொண்டதாம், டாக்டர் பக்கத்திலேயே இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாதாம். அதிகமாக நடக்க விட்டுவிட்டேனோ என்று நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.

உன் தீயணைப்புப் பயிற்சி முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, தெரிந்தால் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று அம்மா சொல்கிறாள். முகாமில் போன் கிடையாது என்பது அவளுக்கு வசதியாகிவிட்டது. சித்தப்பாவும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா மேல் கோபப்படாதே, அவள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. இன்று உன் கடிதம் வந்தது, அப்பா மாடிப்படி ஏறுகிறாரா என்று கேட்டிருந்தாய். பத்துப் படி ஏறிட்டேன்னு அப்பா சொல்ற மாதிரி எழுதுடி என்றாள் அம்மா. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

உடனே வருவதோ முடித்துவிட்டு வருவதோ உன் இஷ்டம், ஆனால் தெரிந்துகொண்டு முடிவு செய். நான் எழுதியது தெரிந்தால் அடி விழும், பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. நல்லா இரும்மா என்று முடிப்பார் அப்பா, சின்னவள் நான் சொன்னால் பலிக்குமோ தெரியாது, ஆனாலும் நல்லா இரு. பதில் போடும்போது மறந்துபோய் உறைமேல் அப்பா பெயரை எழுதிவிடாதே, அம்மா பெயரை எழுது.

உன் தங்கை