செனாத்தின் குழுவும் எங்கட கோஷ்டியும்

மச்சான்,

ஐஸ் மழையால் மொன்றியல் முழுக்கக் கரண்டில்லாமல் கிடந்த இந்தத் தொண்ணூற்றெட்டுத் தை மாதம்தான் மேல்வீட்டு செனாத்தின் கதை எனக்குத் தெரிய வந்தது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

செனாத் பொஸ்னியாக்காரன். சரயேவோவில் அவனும் மூன்று கூட்டாளிகளும் பாட்டுக்குழு நடத்தினவர்கள். கலியாண வீடுகளில் தொடங்கி, இசைத்தட்டும் போட்டு, மைதானம் நிறையச் சனம் சேர்த்தார்களாம். பேந்து, இசைத்தட்டு உறையில் ஆருடைய படம் பெரிசு என்று பாடகனோடு கோபம், கதை பேச்சில்லை. யுத்தத்தில் பாடகன் செத்துப்போனான். அதுக்குப் பிறகு செனாத் தான் வாசிக்கிற அக்கோடியன் பெட்டியைத் தொடவே இல்லை.

கரண்ட் வரும்வரைக்கும் எங்களை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திருந்தார்கள். அங்கே பொஸ்னியாச் சனம் அவனை அடையாளம் கண்டு, ஒரு அக்கோடியனைத் தேடி எடுத்து மடியில் வைத்தது. பாடகன் இல்லையே என்றான்.

"நீ வாசி. அவன் பாடுற இடத்தை நாங்கள் பாடுறம்" என்றார்கள்.

இப்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசிக்கிறான். "நான் அவனுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்திருக்கலாம், ஐயா" என்று மட்டும் என்னிடம் சொன்னான்.

வீட்டுக்கு வந்து ஊரில் எங்கட பாட்டுக் கோஷ்டி வாசிச்ச திருவிழாவின் பழைய நோட்டீசை மருமகளிடம் காட்டினேன். உன்ர பெயரைப் பெரிசாய்ப் போட்டாய் என்றுதானே நான் பொங்கோஸ் மேளத்தை எறிந்துவிட்டுப் போனேன்? அந்தப் பெரிய எழுத்து கோயிலின் பெயராம். வாசிக்கத் தெரியாத நான், ஆரோ சொன்னதை நம்பி இருபத்தாறு வருசம் உன்னோடு கதைக்கவில்லை.

ரொறொன்ரோவிலிருந்து பஸ்ஸில் வா. புதுப் பொங்கோஸ் வாங்கிவிட்டேன். ஓகன் வாசித்த அரியகுட்டி செத்துப்போனான். கிற்றார் செல்வநாதனும் போய்விட்டான். எங்கட கோஷ்டியில் எனக்கு மிச்சம் இருக்கிறது தவநாயகம், நீ ஒருத்தன்தான்.

உன்ர பொங்கோஸ்காரன்