சுவர்ப்பக்கத்து இருமல்

இன்று காலையும் அந்த மணம் வந்தது. பழைய வயரின் தோல் எரிகிற மணம். அம்மா சம்பல் இடிப்பதை நிறுத்திவிட்டு வழமைபோல ஜன்னலைச் சாத்தினார். "சாத்தினா உள்ளுக்கு வந்தது வெளிய போறது எப்பிடி அன்ரி?" என்று நீ கேட்பாயே, அதையே உன் குரலில் கேட்போம் என்று வாயைத் திறந்தேன். கேள்வி வரவில்லை. இருமல் வந்தது. வளைந்து வளைந்து, நிற்க மனமில்லாத இருமல்.

"டேய்!" அம்மாவின் முகம் கறுத்துப்போனது. "செத்துப்போன பிள்ளையிட இருமலை ஏன்டா செய்ற? அங்கால அவட அம்மாக்குக் கேட்டா என்ன நினைப்பா?"

"நான் செய்யல்லம்மா."

"பிறகு ஆர் செஞ்சது, சுவரா?"

சில கிழமைகளாக இதே கதைதான். நான் இருமினால் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இது என்னுடைய இருமலா, உன்னுடையதை என் தொண்டை தானாகவே செய்து பார்க்கிறதா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. கேட்டுச் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கொட்டாஞ்சேனையில் நம்முடைய இடத்துக்குத் தோட்டம் என்று பெயர். பூ இல்லை, புல் இல்லை, முனையில் தண்ணீர்க் குழாய் ஒன்று மட்டும் இருக்கிறது. இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஓட்டோ நுழையாத ஒழுங்கை. நம் வரிசைக்குப் பின்னால் உயரமான சுவர். சுவருக்கு அப்பால் பழைய இரும்பு யார்ட். அங்கே வயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள். "தோட்டம் எண்டா ஏதாவது விளையத்தானே வேணும், எங்கட தோட்டத்தில இருமல் விளையுது" என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். சிரித்ததால் உனக்கு இருமல் வந்தது. எங்கள் பகிடிகள் எல்லாம் அப்படித்தான் முடியும்.

நான் அந்தக் காலத்தில் பெரிய கலைஞன். தோட்டத்து இருமல்கள் முழுக்க என் தொண்டையில் இருந்தன. குழாயடி வீட்டு பெர்னாண்டோ அங்கிளுடையது பழைய லொறி ஸ்டார்ட் எடுக்கிற மாதிரி. மூன்றாம் தரம்தான் பிடிக்கும். ரீட்டா அன்ரியுடையது மரியாதையான இருமல், வாயில் பொத்திய கைலேஞ்சிக்குள்ளேயே பிறந்து கைலேஞ்சிக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு ஞாயிறு பெர்னாண்டோ அங்கிள் தேவாலயப் பூசைக்கு வராமல் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். சுவாமி பிரசங்கத்தில் மூச்செடுத்த நேரம் பார்த்துக் கடைசி வாங்கிலிருந்து நான் அவருடைய லொறியை ஸ்டார்ட் பண்ணினேன். முன்னால் இருந்த அவருடைய மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் நிம்மதியாகத் தலையாட்டினார். அடுத்த நாள் அங்கிள் எனக்கு மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கித் தந்து, "தம்பி, அடுத்த கிழமையும் மேட்ச் இருக்கு" என்றார்.

உன்னுடைய இருமலையும் நான் செய்வேன். உனக்கு முன்னாலேயே செய்வேன். நீ கோபிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே இழுப்பு வருத்தத்துக்கு மருந்து பம்ப் இழுத்துக்கொண்டு திரிந்தவள் நீ. என்னைவிட இரண்டு வகுப்பு மேலே, நாக்கு எட்டு வகுப்பு மேலே. ஒருநாள் பாடசாலை விட்டு வந்து குழாயடியில் குந்தியிருந்தபோது, "எங்க, எல்லாரையும் ஒருக்காச் செய்து காட்டு" என்றாய். நான் வீடு வீடாகச் செய்தேன். நீ சிரிக்கவில்லை. முடிந்ததும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய்.

"டேய் குரங்கு, எதிர் லைன் ஆக்களை ஏன் செய்யல்ல?"

"அவங்கள்ல ஆருக்கு இருமல் இருக்கு? செய்றதுக்கு சரக்கு வேணுமே."

"அதைத்தான் கேட்கிறன். உன்ட தொண்டையில இருக்கிறவங்க எல்லாரும் சுவர்ப்பக்கம்."

அதற்கு முன் அது என் மண்டையில் ஏறியதே இல்லை. அன்று தொடக்கம் நீ என்னை வேலை வாங்கத் தொடங்கினாய். கடல் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிற மாதங்களில் யார் இருமுகிறார்கள், காற்று திரும்பினால் யார் ஓய்கிறார்கள், யார்ட்டில் எரிக்காத பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நான் செய்து காட்டுவேன். பகிடிக்கென்று சேர்த்த சரக்கு உன் கையில் வேறு எதுவோ ஆகிவிட்டது.

பிறகு போன வருடம் அந்தச் சுகாதாரக் குழு வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான ஒரு பீஎச்ஐ மாத்தயாவும், தமிழ் தெரிந்த இளம் டொக்டர் மிஸ் ஒருவரும். நெஞ்சு வருத்தங்கள் எந்த இடத்தில் கூட இருக்கின்றன, அந்த இடத்துக் காற்றில் என்ன இருக்கிறது என்று சேர்த்துப் பார்க்கிறார்களாம். அவர்கள் வருவதற்கு முன்பே தோட்டத்தில் கதை பரவிவிட்டது: வருத்தம் இருக்கிறது என்று சொன்னால் இந்த இடம் இருக்க ஏற்றதில்லை என்று வீடுகளை உடைத்து, எங்களை எங்கேயோ மாடி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போதாக்குறைக்கு, நெஞ்சு வருத்தம் என்றாலே டீபி என்று நினைக்கிற ஊர் இது. உன் அக்காவுக்கு வத்தளையிலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்கள்" என்றாய் நீ. "நீ திறக்கிற."

குழாயடியில் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பின்னால் என்னைக் குந்த வைத்தாய். மாத்தயா முதல் வாசலில் நின்று, "அசனீப கவுருத் இன்னவாத?" என்று கேட்டார், வருத்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று. பெர்னாண்டோ அங்கிள் நெஞ்சை நிமிர்த்தி, "நே மாத்தயா, கவுருத் நே" என்றார், ஒருவரும் இல்லையாம். பீப்பாவுக்குப் பின்னால் லொறி ஸ்டார்ட் எடுத்தது. அடுத்த வாசலில் ரீட்டா அன்ரி, "சும்மா தடிமன்தான் மிஸ்" என்றார். பீப்பா மரியாதையாக இருமியது. அதற்கடுத்த வாசலில் என்னைப் பிடித்துவிட்டார்கள். காதைப் பிடித்து இழுத்து நடு ஒழுங்கையில் நிறுத்தினார்கள். "இது எங்கட தோட்டத்து ரேடியோ மிஸ், கணக்கெடுக்காதீங்க" என்றார் அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்படியே உங்கள் வாசலுக்கு வந்தார்கள். உன் அம்மா கதவைப் பாதி திறந்து, "எங்கட வீட்ல ஒருத்தருக்கும் ஒண்டும் இல்ல மிஸ்" என்றார். அந்த நேரம் உள்ளே இருந்து உன் இருமல் கேட்டது.

உன் அம்மா கண் இமைக்கவில்லை. கையை நீட்டி என்னைக் காட்டினார். "அந்தப் பொடியன்தான். அவன் இப்பிடித்தான்."

நான் ஒழுங்கையின் நடுவில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். எல்லோரும் பார்க்க நிற்கிறேன். ஆனாலும் சனம் என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. மாத்தயாவும் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குக் காலை எடுத்து வைத்தார். அப்போது நீ கதவை முழுக்கத் திறந்துகொண்டு வெளியே வந்தாய். கையில் பம்ப்.

"அவன் இல்ல மிஸ். நான்தான். பிறந்த நாளையில இருந்து இஞ்சதான் இருக்கிறன். யார்ட் சுவரோட ஒட்டித்தான் என்ட கட்டில்."

உன் அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. மிஸ் உன்னிடம் மூச்சின் பலத்தை அளக்க ஊதுகிற குழாயைத் தந்தார். நீ ஊதினாய். அதில் முள் கொஞ்சத் தூரம் போய் நின்றது. அதற்குப் பிறகுதான் மூடியிருந்த ஒன்றிரண்டு கதவுகள் மெல்லத் திறந்தன. ரீட்டா அன்ரி கைலேஞ்சியைச் சுருட்டிக்கொண்டு வந்து, "மிஸ், தடிமன் எண்டு சொன்னது..." என்று இழுத்தார்.

மிஸ் தன் போனில் தோட்டத்தின் படத்தைக் காட்டினார். வருத்தம் உள்ள வீட்டுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. "சுவருக்குப் பொட்டு வச்ச மாதிரி இருக்கு மிஸ்" என்றாய் நீ. ஒருமுறை பார்த்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, காற்றையும் அளக்கவேண்டும், காற்று திரும்பும்போது திரும்பவும் வரவேண்டும், வந்துகொண்டே இருக்கவேண்டும் என்றார் அவர். நீ தலையாட்டினாய். நீங்கள் வாருங்கள், நான் இருப்பேன் என்கிற தலையாட்டல்.

வீட்டில் உன் அம்மா உன்னோடு கதைக்காமல் இருந்தார். சம்பந்தம் குழம்பவில்லை, மாப்பிள்ளை வீட்டிலும் பம்ப் இழுக்கிற ஆள் ஒருவர் இருந்தாராம். யார்ட் கொஞ்சக் காலம் எரிக்காமல் இருந்தது. பிறகு பின்னேரங்களில் தொடங்கியது. பிறகு வழமைபோல. மிஸ் திரும்பி வருவதற்கு முன்பே ஒரு பின்னேரம் உன் பம்ப் போதாமல் போய்விட்டது. ஒழுங்கைக்குள் ஓட்டோ வராது. உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு பெரிய தெரு வரை ஓடினார். நான் உன் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. திரும்பி வரும்போது போட்டுக்கொள்வாய் என்று நினைத்திருப்பேன்.

ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி கட்டினோம். உன் அடக்கப் பூசையில், எல்லோரும் முழங்காலில் இருந்த நேரம், எங்கேயோ ஒரு இருமல் கேட்டது. சனம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் இல்லை. அது ரீட்டா அன்ரி. ஆனால் அந்தப் பார்வையோடு என் கடை பூட்டியாகிவிட்டது. அதன் பிறகு நான் ஒருவரையும் செய்ததில்லை.

உன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு கல் கனமுள்ள வீட்டுச் சுவர்தானே. நீ போன பிறகும், பாடசாலை விட்டு வந்து பின்னேரம் சரிந்து படுத்தால் அந்தப் பக்கம் நீ இருமுவது கேட்கும். முதல் தரம் கேட்டபோது பழக்கத்தில் சுவரைத் தட்டினேன். நீ திருப்பித் தட்டவில்லை. பயத்தில் போர்வையைத் தலை வரை இழுத்தேன். இருமல் போர்வைக்குள்ளேயும் கேட்டது. அப்போதுதான் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். இருமலோடு சேர்ந்து என் நெஞ்சுதான் குலுங்கியது.

இனி இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். அம்மா ஏசி முடிக்கவில்லை, வாசலில் குரல் கேட்டது. அதே மிஸ், அதே மாத்தயா. காற்று திரும்பிவிட்டது, வந்துவிட்டார்கள். மிஸ் என்னைக் கண்டதும் சிரித்தார். "ரேடியோ வேலை செய்யுதா?" என்று கேட்டார். நீ போனது அவருக்குத் தெரியாது.

"இந்த வீட்ல ஆருக்கும் இருமல், இழுப்பு?"

"இல்ல மிஸ்" என்றார் அம்மா.

"எனக்கு" என்றேன் நான்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். "இவன்ட பகிடிக்கு அளவே இல்ல மிஸ். அங்கால வீட்டுப் பிள்ளை மோசம் போயிட்டுது. அவ மாதிரியே செய்து காட்டிக்கொண்டு திரியிறான்."

நான் இல்லை என்று சொல்லப் போனேன். சொன்னதெல்லாம் இருமலாக வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். அடுத்த வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். உன் அம்மா ஓடி வந்தார். செருப்பில்லாமல், கையில் மாவோடு, உன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

என் அம்மா நடுங்கிப்போய், "அன்ரியிட்ட மன்னிப்புக் கேள்டா!" என்றார்.

உன் அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அந்த மாவுக் கையை என் முதுகில் வைத்தார். இருமல் ஓயும்வரை எடுக்கவில்லை.

"இவன் செய்றது எனக்குத் தெரியும். சுவருக்கு அங்கால எத்தனை தரம் கேட்டிருக்கிறன். இவன் செய்யேக்க கடைசியில அந்த விசில் சத்தம் வராது. என்ட பிள்ளை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இப்ப வருது." மிஸ்ஸைப் பார்த்தார். "இது நடிப்பு இல்ல மிஸ். இவனைப் பாருங்க."

என் அம்மா வாசற்படியில் அப்படியே குந்திவிட்டார்.

மிஸ் குழாயைத் தந்தார். உனக்குத் தெரியும், ஊதுகிற சாமானைக் கையில் தந்தால் நான் சும்மா விடுவேனா? வாயெல்லாம் பகிடி வந்தது. ஒன்றையும் விடவில்லை. நெஞ்சில் இருந்த அவ்வளவையும் ஊதினேன். உனக்குப் போலவே முள் கொஞ்சத் தூரம் போய் நின்றது. மிஸ் இன்னொரு தரம் ஊதச் சொன்னார். பிறகு, "எங்க படுக்கிற நீங்க?" என்று கேட்டார். பின்பக்கத்து யார்ட் சுவரைக் காட்டினேன். கட்டாயம் கிளினிக்குக்கு வரவேண்டும், நேரத்தோடு பார்த்தால் பிடித்து வைக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

எழுதிக்கொண்டு வரும்போது மிஸ் நிறுத்தினார். "பக்கத்து வீட்ல ஆருக்கும் முன்னம் இப்பிடி?" என்று மெதுவாகக் கேட்டார். மாத்தயா குறுக்கிட்டு, இந்தத் தடவை இருக்கிற ஆட்களை மட்டும்தான் எடுக்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னார். உன் அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. உன் முழுப் பெயரைச் சொன்னார். வயதைச் சொன்னார். கட்டில் எந்தப் பக்கம் இருந்தது, எந்தக் காற்றுக்குக் கூடும், பம்ப் எப்போதிருந்து போதாமல் வந்தது, எல்லாவற்றையும் சொன்னார். பாதிக் கதவுக்குப் பின்னால் நின்று இல்லை என்று சொன்ன அந்தக் குரலா என்று நினைக்கும்படி, எதிர் வரிசைக்கும் கேட்கும் அளவுக்கு உரக்கச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"இவரிட தாளில எழுதுறன்" என்றார் மிஸ், என்னைக் காட்டி.

வாற செவ்வாய் கிளினிக். அம்மா வருகிறார், உன் அம்மாவும் வருகிறேன் என்கிறார். மடித்த தாள் என் பாடசாலைப் பையில் இருக்கிறது. மேலே என் பெயர். கீழே, பக்கத்து வீடு என்ற இடத்தில், உன் பெயர். ஒவ்வொரு தடவை காற்று திரும்பும்போதும் அவர்கள் வந்து என்னை ஊதச் சொல்வார்களாம், வருடக்கணக்கில். வரட்டும். என்னைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் உன்னையும் கேட்கவேண்டி வரும்.