துணி காயும் காற்று

மார்ச் 4

இன்று கோபம். எழுதினால் குறையும் என்கிறாள் வீட்டுக்காரி. குறைய வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

விஷயம் இதுதான். ஆலையின் புதுக் கொதிகலனுக்கு நாங்கள் செய்கிற இரும்புப் புகைபோக்கி பதின்மூன்று மாடி உயரம். வெளியே சொல்லும்போது இருபது என்பேன், அது வேறு. கீழ்த்துண்டும் நடுத்துண்டும் அஸ்திவாரத்தில் ஏறி நிற்கின்றன. மேல்துண்டு தரையில் படுத்திருக்கிறது. கிரேன் வந்தாயிற்று, கொக்கி மாட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்து வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள், தூக்கக் கூடாதாம்.

யார்? என் சொந்த அக்கா மகள். பாப்பா. அவளுக்கே ஒரு பாப்பா பிறந்தாயிற்று, இன்னும் எங்களுக்கு அவள் பாப்பாதான். வரைபடம் சரிபார்த்து, வேலையைச் சோதித்து, கையெழுத்துப் போடுகிற கம்பெனியில் இஞ்சினியர். அவள் கையெழுத்து இல்லாமல் கிரேன் அசையாது.

"மேல மூணுல ஒரு பங்குக்குச் சுருள் பட்டை வெல்டு பண்ணணும் மாமா. பண்ணிட்டுத் தூக்குங்க."

சுருள் பட்டை என்பது முக்கால் சாண் அகலத் தகடு. அப்படி மூன்று, கொடி படர்வதுபோல் புகைபோக்கியைச் சுற்றிச் சுற்றி உச்சிவரை ஏற வேண்டும். பார்த்தால் பெரிய திருகாணி மாதிரி இருக்கும்.

"எதுக்கு? வானத்துல திருகி வைக்கவா?" என்றேன். பட்டறையே சிரித்தது. எங்கள் வெல்டர் நெட்டை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஸ்டாண்டர்டுல இருக்கு மாமா."

ஸ்டாண்டர்டு! அதை எழுதியவன் ஒரு நாளாவது ஏணி ஏறியிருப்பானா?

மார்ச் 5

ஆறவில்லை.

இவள் சொன்னதையெல்லாம் இதுவரை கேட்டேனா இல்லையா? தகடு துருப்பிடித்துத் தேயும், அதற்கும் சேர்த்துக் கூடுதல் கனம் வேண்டும் என்றாள். சரி. வளருகிற பிள்ளைக்குப் பெரிய சட்டை எடுப்பார்கள். இங்கே பிள்ளை இளைக்கும், அதற்காகக் குண்டாகப் பெற்றெடுக்க வேண்டுமாம். செய்தேன். வெல்டு ஒவ்வொன்றையும் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றாள். மனுஷனுக்குக்கூட இத்தனை எக்ஸ்ரே எடுப்பதில்லை. அதையும் செய்தேன். இப்போது அழகுக்கு ரிப்பன் கட்டச் சொல்கிறாள். ரிப்பன்! அவள் சின்ன வயதில் ரெட்டை ஜடை போட்டுவிட்டதே நான்தான். (அக்காதான் போட்டாள். நான் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.)

மார்ச் 7

ஆலை முதலாளியின் அறையில் கூட்டம். சுருள் பட்டைக்குத் தகடு வளைத்து வர இன்னும் நாளாகும், கிரேன் சும்மா நிற்கிறது என்று அவருக்கு எரிச்சல். "உங்க அனுபவத்துல என்ன சொல்றீங்க?" என்று என்னைப் பார்த்தார்.

அனுபவம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் போதும், எனக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். இதுவரை நட்டது நூறு புகைபோக்கி என்றேன். (ஐம்பதுகூடத் தேறாது.) ஒன்றாவது சாய்ந்ததா? கிரேன் பழுதாகி நின்ற இடத்தில் கயிறும் கப்பியும் வைத்து ஒரே பகலில் நட்ட கதையைச் சொன்னேன். பாப்பா நடுவில் காற்று, சுழல் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கதை முக்கியமான கட்டத்தில் இருந்ததால் நான் நிறுத்தவில்லை.

"புயல்ல நிக்குமா?" என்றார் முதலாளி.

"நிக்கலைன்னா மீசையை எடுத்துடறேன்."

அவர் உடனே அவள் கம்பெனிக்குப் போன் போட்டார். உங்கள் பெண் வேலையை நிறுத்தி வைக்கிறாள், அவளுடைய மாமாவே தேவையில்லை என்கிறார், வேறு ஆள் அனுப்புங்கள் என்றார்.

பாப்பா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும்!

மார்ச் 9

அவள் கம்பெனியின் பெரியவர் வந்தார், காரை விட்டு முழுசாக இறங்காமலே கையெழுத்துப் போட்டார். தூக்கிவிட்டோம். அடித்தட்டில் நட்டுகளை எல்லாம் இறுக்கி, ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்து தட்டுவரைக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு குறி இழுத்தேன். இது என் வழக்கம். நட்டு மயிரிழை திரும்பினாலும் குறி முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மார்ச் 10

அக்கா போன் செய்தாள். பாப்பாவை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். இனி ஆபீசில் உட்கார்ந்து பழைய வரைபடம் அடுக்க வேண்டுமாம்.

"தவளை தன் வாயால கெடும்பாங்க. நீ என் பொண்ணையே உன் வாயால கெடுத்துட்டடா."

போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீர்க் குவளையைப் போட்டு உடைத்தேன். நான் என்ன செய்தேன்? கேட்டார்கள், சொன்னேன். கேட்டால் சொல்லக் கூடாதா?

வீட்டுக்காரி சில்லுகளைப் பொறுக்கினாள். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

மார்ச் 21

புயல்! நேற்று முழுக்க அடித்தது. மரங்கள் ரோட்டில் கிடக்கின்றன, பட்டறைக் கூரைத் தகடு பக்கத்துத் தெருவில். விடிந்ததும் ஓடினேன். நிற்கிறது! மஞ்சள் குறிகளைக் குனிந்து குனிந்து பார்த்தேன். எல்லாம் நேர், பிள்ளைகள் அணிவகுத்த மாதிரி.

வருகிறவன் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். ஆலை வாசலில் காவலாளியிடம் இரண்டு தடவை சொன்னேன். முதலாளி தோளில் தட்டி, "உங்க மீசை தப்பிச்சுது" என்றார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிரமாதமாக இருந்தது.

ஏப்ரல் 2

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. கோபத்தில்தான்.

மதியம். வெயில். மேற்கிலிருந்து ஒரே சீராகக் காற்று, கொடியில் போட்ட துணி காயும், அவ்வளவுதான். நெட்டை வந்தான்.

"அண்ணே, புகைபோக்கி ஆடுது."

"உனக்குத் தலை ஆடுதுடா."

வெளியே வந்து பார்த்தேன். ஆடியது. உச்சி போய்ப் போய் வந்தது, அவசரமே இல்லாமல், ஒரே தாளத்தில். அதுவும் எப்படி? காற்று மேற்கிலிருந்து வருகிறது, இது வடக்கும் தெற்குமாக ஆடுகிறது! தள்ளுகிறவன் ஒரு பக்கம், சாய்கிறவன் வேறு பக்கம். என் ஆயுசில் பார்த்ததில்லை. அடித்தட்டில் கை வைத்தேன். நாடி மாதிரி அடித்தது. வடக்குப் பக்கம் மஞ்சள் குறி முறிந்து கிடந்தது. தெற்கிலும். ஒரு நட்டு விரலாலேயே திரும்பியது.

கத்தினேன். பெயின்டர்கள், கொதிகலன் ஆட்கள், எல்லோரையும் வேலிக்கு வெளியே விரட்டினேன். முதலாளி வந்து சேர்ந்தபோது காற்று விழுந்துவிட்டது. அந்தப் பாவி இரும்பு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கிறது.

"எங்க ஆடுது?"

"இப்ப நின்னுடுச்சு."

"புயலே ஒண்ணும் பண்ணலைன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க? நட்டை இறுக்குங்க. நாளைக்கு அடுப்பு பத்த வைக்கிறோம், அடியில இருவது பேர் வேலைக்கு வருவாங்க."

என் வாயையே பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசுகிறார் மனுஷன்! வேலிக் கதவைப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். "எங்க போறீங்க?" என்று பின்னால் கத்தினார். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு.

அக்கா கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் சாத்தப் போனாள். உள்ளே பாப்பா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் யோசித்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை.

"ஆடுது பாப்பா."

அவள் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

"காத்து மேற்கு. ஆட்டம் வடக்கு தெற்கு."

எச்சில் கையைக் கழுவினாள், குழந்தையை அக்காவிடம் கொடுத்தாள், செருப்பை மாட்டினாள்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து, காற்றில் கத்திக் கத்திச் சொன்னாள். உருண்டையான தூணைத் தாண்டும்போது காற்று இடது பக்கம் ஒரு சுழல், வலது பக்கம் ஒரு சுழலாக மாறி மாறிப் பிரியுமாம். ஒவ்வொரு சுழலும் தன் பக்கம் ஒரு சின்ன இழு இழுக்கும். அந்த இழுப்பும் புகைபோக்கியின் சொந்த ஆட்டமும் ஒரே தாளமாகிவிட்டால் ஊஞ்சல் தள்ளுகிற கதைதான். புயலில் அந்தத் தாளம் தப்பிவிடும். இளங்காற்றில் வந்து சேரும். சுருள் பட்டை இருந்தால் சுழல்கள் மேலும் கீழும் ஒரே நேரத்தில் பிரியாது, தாளம் கலைந்துவிடும்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இதைச் சொல்ல இவ்வளவு படிப்பா?

"அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே!"

"சொன்னேன் மாமா. நீங்க அப்ப கப்பி கதையில இருந்தீங்க."

வண்டி குழியில் இறங்கி ஏறியது.

போய்ச் சேர்ந்தபோது முதலாளி பூட்டை உடைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். சாயங்காலக் காற்று எழுந்தது. "மேல பாருங்க சார்" என்றாள் பாப்பா. அவர் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. அப்படியே கார் கதவுவரை பின்னாலேயே போய்விட்டார்.

"ஒரு ஆள் உயரம் ஆடுது சார்" என்றேன்.

"ஒரு முழம்" என்றாள் அவள், மேலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுவே போதும், விழறதுக்கு."

ஏப்ரல் 3

விடிந்ததும் மூன்று பக்கமும் இரும்பு வடம் இழுத்துக் கட்டினோம், அவள் சொன்னபடி. கையெழுத்துப் போட்ட பெரியவரும் வந்தார். இந்தத் தடவை காரை விட்டு இறங்கினார். வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன்: "தேவையில்லைன்னு சொன்னது நான். வேணும்னு சொன்னது அவ. எழுதிக்கோங்க."

சொல்லி முடித்த பிறகும் கோபம் போகவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 24

மேல்துண்டை இறக்கி வைத்துச் சுருள் பட்டை போடுகிறோம். கயிறு சுற்றிச் சாக்பீசால் தடம் போட்டது நான். வெள்ளைத் தொப்பி திரும்பி வந்தது, பாப்பாவின் தலையில். எல்லாவற்றையும் அளந்தது. ஒரு இடத்தில் வெல்டு சரியில்லை, தேய்த்து எடுத்துத் திரும்பப் போடு என்றது. நெட்டை என் முகத்தைப் பார்த்தான், நான் ஏதாவது கேலி சொல்வேன் என்று.

"தேய்டா" என்றேன்.

மே 6

தூக்கியாயிற்று. வடங்களையும் அவிழ்த்தாயிற்று. டீக்கடைக்காரர் கேட்டார், புகைபோக்கிக்கு எதற்கு ஜடை என்று. "எங்க வீட்டுப் பொண்ணு பின்னிவிட்டது" என்றேன். எவ்வளவு ஆடியது என்று கேட்டார்.

ஒரு முழம் என்றேன். அவருக்கு ஏமாற்றம்.

மே 11

மதியம் மேற்குக் காற்று. துணி காயும் காற்று.

ஆலையின் கொதிகலன் ஓடுகிறது, அடியில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அடித்தட்டைச் சுற்றிக் குனிந்து குனிந்து பார்த்தேன். மஞ்சள் குறி எல்லாம் நேர். நிமிர்ந்து, கழுத்து வலிக்கிறவரை உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பாப்பாவுக்குப் போன் போட்டேன். காற்றின் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"எந்தப் பக்கம் மாமா?"

"எந்தப் பக்கமும் இல்ல."