கழுகு பார்த்தவருக்கு

திருக்கழுக்குன்றம்
2 ஜனவரி 2025

ஹர்ஷா,

போனில் கத்திக்கொள்கிறோம். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

உன் அலுவலகம் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வருவதாக உன்னோடு வேலை செய்யும் மானசா சொன்னாள். கடல் பார்த்த அறை, மூன்று நாள். நல்லது. பார்க்கவேண்டிய இடங்களில் மனைவி சேர்த்தியில்லை என்று தெரியும். பெங்களூரை விட்டு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஏன் போனாய் என்று நீ கேட்கவில்லை. சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டாய்.

இருந்தாலும் ஒன்று. அங்கிருந்து எங்கள் ஊர் பஸ்ஸில் அரை மணி. ஞாயிற்றுக்கிழமை வா. அப்பாவிடம், "சாருவை அழைத்துப்போக வந்தேன்" என்று ஒரு வரி சொல். பெட்டியோடு கிளம்பிவிடுவேன். வராவிட்டால் விவாகரத்து மனு போடச் சம்மதம் என்று என் வக்கீல் ஜெரோமிடம் சொல்லிவிடுவேன்.

சாரு

மாமல்லபுரம்
10 ஜனவரி

அன்புள்ள சாரு,

கட்டாயம் வருவேன்.

உன் கடற்கரை சகிக்கவில்லை. சரிவில் ஒரு பாறை. வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாங்கிப்பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடற்கரைக் கோயிலில் கல்லைவிடத் தொப்பிகள் அதிகம். சங்கு மாலை விற்பவன் ஒருவன் விடவில்லை. வேண்டாம் என்றேன். "வாங்காட்டி போ சார், மூஞ்சிய ஏன் அப்டி வச்சிகினு கீற? டூருக்குத்தான வந்துகீற?" என்கிறான். உன் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் உன் வாய்தானா?

நாளை புதுப்பட்டினத்தில் மீன் சாப்பிட ஆபீஸ் நண்பன் விஷால் இழுக்கிறான். ஞாயிறு உனக்கு. மாமாவுக்கு என் வணக்கம்.

உன் ஹர்ஷா

பெங்களூர்
15 ஜனவரி

அன்புள்ள சாரு,

பொங்கல் வாழ்த்துகள். கோபப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். சாமி கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம் என்று முதலில் மலை ஏறினேன். மத்தியானம் அந்த இரண்டு கழுகுகளும் வந்தன. குருக்கள் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் தின்றன. உடம்பு சிலிர்த்தது. நம் இருவரையும் நினைத்துக்கொண்டேன். இறங்கும்போது வெயிலில் தலை சுற்றியது. அந்த நிலையில் மாமா முன்னால் நிற்க மனமில்லை. திரும்பிவிட்டேன்.

பாதித் தூரம் வந்ததாகவாவது எடுத்துக்கொள். அடுத்த மாதம் பார்க்கலாம்.

உன் ஹர்ஷா

திருக்கழுக்குன்றம்
20 ஜனவரி

திரு. ஹர்ஷவர்தன் அவர்களுக்கு,

'நீ' என்றுதான் தொடங்கினேன். பேனா வரவில்லை.

மலைக்குக் கழுகுகள் வருவது நின்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஊரில் பிறந்த நானே பார்த்ததில்லை. பழைய படங்கள்தான் இணையத்தில் இன்னும் பறக்கின்றன. அறையில் படுத்தபடியே பார்த்திருப்பீர்கள்.

வரவில்லை என்று எழுதியிருந்தால் அழுதுவிட்டு இன்னொரு கடிதம் போட்டிருப்பேன். அந்தச் சர்க்கரைப் பொங்கலைத்தான் விழுங்க முடியவில்லை.

மலையடியில் பூ விற்கும் பூங்கொடியிடம் சொன்னேன். "இன்னாக்கா, எங்க கண்ணுல படாதது உன் வூட்டுக்காரரு கண்ணுல மட்டும் பட்டுச்சா? அவர இட்டாந்து மேலயே உக்கார வையி. யாவாரம் பிச்சிகினு போவும்" என்றாள். இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

அப்பா சிரிக்கவில்லை. ஞாயிறு முழுக்கச் சலவைச் சட்டையைக் கழற்றாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "பருந்தா இருந்திருக்கும்மா. வெளியூர்க்காரருக்கு வித்தியாசம் தெரியாது" என்றார். உங்களுக்காக அவர் பருந்து வரை இறங்கிவந்தார். அதற்குமேல் இறங்க விடமாட்டேன்.

ஜெரோமிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு நீங்கள் நேரில் வரவேண்டியிருக்கும். மலை ஏற வேண்டியதில்லை. சுற்றிப்பார்க்க ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ர. சாருலதா