அப்பாவைத் தூங்க வைக்கும் பாடு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம், வீடு சுகம், உன் அப்பா ஒருவர்தான் சுகமாக இருக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அடம்பிடித்துக்கொண்டிருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் நலமா? போனில் சொன்னால் நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலிருந்து மறுப்பு வரும், அதனால் எழுதுகிறேன், நர்ஸ் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

பயப்படாதே. தூக்கம் இல்லாததால் பிரஷர் இறங்கவில்லை, அது இறங்காமல் இதயத்தில் கை வைக்க முடியாது என்று டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போனார். தூக்க மாத்திரை கொடுங்களேன் என்றால், இவருக்கு இப்போது வேண்டாம், மாத்திரை இல்லாமலே பார்ப்போம் என்று நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டார். பாவம் அந்தப் பெண், படாத பாடு பட்டாள். முதலில் கண்ணுக்கு ஒரு கறுப்புப் பட்டை, காதுக்கு அடைப்பு. நான்தான் மாட்டிவிட்டேன். லேசாகக் கண்ணயர்ந்தவர் திடுக்கென்று விழித்தார், ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டார். அடியே நான் போயிட்டேன்டி, பீரோ சாவி பழைய ரேடியோவுக்குள்ள இருக்கு என்று வார்டே அதிரக் கத்தினார். அந்தச் சாவியை நான் எத்தனை வருஷமாகத் தேடுகிறேன் தெரியுமா!

அடுத்து, எண்ணெய் தொட்டு பாதத்தை நீவிவிடச் சொன்னாள். மனுஷனுக்கு உள்ளங்காலில் அவ்வளவு கூச்சம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர் சிரித்த சிரிப்பில் மிஷின் அலற, டாக்டர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். மெல்லிய பாட்டு போட்டாள். ரேடியோ ரிப்பேர் செய்த கை சும்மா இருக்குமா, ஸ்பீக்கர் கரகரங்குது, ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடும்மா என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னாள், அதில் நானும் அடுத்த கட்டில் தையல்காரரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டோம், அவர் எங்கள் குறட்டைக்குக் காவல் இருந்தார்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். உனக்கு ஆபீஸில் என்ன வேலை என்று முன்பு அவர் கேட்டதற்கு, கப்பலில் வரும் பெட்டிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று நீட்டி முழக்கி போனில் பேசிப் பதிந்து அனுப்பினாயே, அதைப் போடச் சொன்னார். நீ நீலப் பெட்டிக்கு வருவதற்குள் ஆள் குறட்டை. இப்போது தினமும் அதுதான். தையல்காரரும் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார். பிரஷர் இறங்கிவிட்டது, வியாழக்கிழமை ஆபரேஷன்.

உன் வளவளப்பைக் கிண்டல் செய்யலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால், அப்படி என்னங்க புரியுது உங்களுக்கு என்று நேற்று கேட்டேனா, ஒண்ணும் புரியலடி, அவ பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு என்றார். அதற்குப் பிறகு உன்னைக் கிண்டல் செய்ய மனசு வரவில்லை.

லீவு கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டிருக்காதே. நீ இங்கேதான் இருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விரட்டாதே, இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஒன்று மறக்காதே, வியாழக்கிழமைக்குள் இன்னொன்று பேசி அனுப்பு, சுவாரசியமாக எதையும் சொல்லித் தொலைக்காதே, விழித்துக்கொள்வார். நீலப் பெட்டி கடைசியில் எங்கே போச்சு என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. ஆபரேஷன் முடிஞ்சு வந்து அதைக் கேட்டுக்கறேன் என்று சொல்லியிருக்கிறார்.

சாவி கிடைத்த சந்தோஷத்தில்,
உன் அம்மா